எல்லார் கண்ணிலும் தூசி

சுடுகாட்டில் சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த அன்று, என் வீட்டுப் படியிறங்கும்போது, என் கொழுந்தன் பிறவிப்பெருமாள் "போயிட்டு வாரேன், மதினி" என்றான்.

சாவு வீட்டில். அதுவும் அவனுடைய சொந்த அண்ணன் செத்த வீட்டில்.

உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது 'வருகிறேன்' என்று சொல்லக் கூடாது. வாயைத் திறக்காமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். சொன்னால் சாவும் கூடவே திரும்பி வருமாம். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. பிறவிக்குத் தெரியாதா? பல்பு மாற்றவே ராகுகாலம் பார்க்கிறவன் அவன். பூனை குறுக்கே போய்விட்டது என்று, தன் கல்யாணத்துக்குப் போகிற காரைத் திருப்பி, திருச்செந்தூர் வழியாகச் சுற்றி மறுநாள் வந்து சேர்ந்தவன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அன்றைக்கே வந்துவிட்டான், ஆனால் பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டி அலங்காரம் எல்லாம் கலைந்திருந்தது.

அப்படிப்பட்டவன் சொன்னான். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

காது என்றேன் இல்லையா, எல்லா எழவும் அங்கேதான் ஆரம்பம்.

என் பெயர் இந்துமதி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் விசில் ஊதினால் பாபநாசம் அணையில் தண்ணீர் ஒரு சாண் ஏறி இறங்கும். என் கணவர் ஆவுடையப்பன், மின்பேருந்து டெப்போவில் மெக்கானிக். எந்த பஸ்ஸுக்கு எங்கே வலி என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். தனக்கு எங்கே வலி என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் தேய்த்து முடிக்கவில்லை.

இந்தக் காலத்தில் காதில் சோளம் வைக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? விற்கிறவர்கள் வைத்த பெயர் இன்செவி. பார்க்க மக்காச்சோள மணி மாதிரி இருப்பதால் ஊரே சோளம் என்கிறது. வந்த புதிதில் நானும் கும்பிட்டுத்தான் வாங்கி வைத்தேன். ஹார்ன், நாய்க்குரைப்பு, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அது வடிகட்டியது. பிறகு வசவை வடிகட்ட ஆரம்பித்தது. மீன்காரர் "சவத்து மூதி" என்று திட்டினால், அவர் குரலிலேயே "சரிங்கம்மா" என்று காதில் விழும். ஊரில் சண்டை குறைந்தது, ரத்தக்கொதிப்பு குறைந்தது, மீன்காரர்கள் எல்லோரும் மகான்கள் ஆனார்கள். கெட்ட வார்த்தைக்கு மட்டும்தான் இந்த வேலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் கணவரைக் கிடத்தியிருந்தபோது வாசலில் பாதி திருநெல்வேலி நின்றது. பாதி திருநெல்வேலியும் வெயிலைப் பற்றிப் பேசியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரல் இந்த வருசம் நல்லா விழுது" என்றாள் ஒருத்தி. அவள் கண் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. "கண்ணுல என்ன?" என்றேன். "தூசி" என்றாள். அடுத்தவளைக் கேட்டேன். அவளுக்கும் தூசி. பிறவிக்கும் தூசி. அந்த ஆடிக்காற்றில் குற்றாலத்து மலையே பொடிப்பொடியாகி எங்கள் ஊர்க் கண்களில் வந்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன். கண் ஆயிரம் சொல்லட்டும், காது ஒன்று சொல்லிவிட்டால் மனுஷ ஜென்மம் காதைத்தான் நம்பும்.

பக்கத்து வீட்டு பெனினா தினமும் வந்து உட்காருவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், முப்பது வருஷமாக என் சிநேகிதி. "காத்து நல்லா வருது இந்து" என்பாள். மறுபடியும் "காத்து நல்லா வருது" என்பாள். திடீரென்று கையை ஆட்டி, முகம் சிவக்க, தொண்டை நரம்பு புடைக்க, "தலையச் சீவிக்கோ இந்து" என்பாள். புருஷன் செத்த துக்கத்தில் என் தலை அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று நானும் தினமும் இரண்டு தடவை சீவினேன். சீவிய பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை.

நான் சும்மா இருந்தேனா? இல்லை. வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னேன். "வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாம செத்துட்டாரே இந்த மனுசன். நாப்பது வருசம் ஒரே தலையணை, எங்கிட்டச் சொல்ல என்ன கேடு? எனக்கு அவரு மேல பத்திக்கிட்டு வருது." கேட்டவர்கள் தலையாட்டி, "ரொம்ப சந்தோசம்" என்றார்கள்.

இவர்கள் எல்லோரையும்கூட மன்னித்துவிடலாம். என் மகன் மித்ரனை எப்படி மன்னிப்பது? மகாராஜ நகரில், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். பதினாறு முடிந்து தன் வீட்டுக்குப் போனவன், அதற்குப் பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. சாயங்காலம் போனில் மட்டும் கூப்பிடுவான். முதல் நாள் கூப்பிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சும்மா."

நான் அன்றைக்கு இட்லியே அவிக்கவில்லை. சரி, கழுதை சாடையாகக் கேட்கிறது என்று நினைத்தேன். அப்பனைச் சுட்ட சாம்பல் ஆறவில்லை, பிள்ளைக்கு இட்லி நினைப்பு. வந்த ஆத்திரத்தில் மறுநாள் ஆட்டுரல் தேடிப்பிடித்து மாவாட்டி, ஒரு படி இட்லி அவித்து டிரோனில் அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது. "இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சும்மா." மறுநாளும் அனுப்பினேன். மறுநாளும் அதையே சொன்னான். ஆத்திரத்தில் ஆட்டிய மாவு அப்படிப் பொங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாத்திரத்தை விட்டு வழிந்து, அடுக்களையைத் தாண்டி, ஹாலுக்கே வந்துவிட்டது.

ஆவணி பிறந்தது. இன்னும் கொஞ்ச நாளில் நானே வெடித்துவிடுவேன் என்று தெரிந்தது. யார்மேலாவது வெடித்தாக வேண்டும். பிறவியைத் தேர்ந்தெடுத்தேன். அவன்தானே செத்த வீட்டில் 'வாரேன்' என்றவன். எனக்குக் கல்யாணமானபோது அரை டவுசரோடு அலைந்தவன். அவனை 'ஏல' என்று கூப்பிடும் உரிமை எனக்கு உண்டு. பெனினாவைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏல பிறவி, அண்ணன் செத்த வீட்டுல வந்து 'வாரேன்'னு சொல்லிட்டுப் போனியே, ஒனக்கு வெக்கமா இல்ல? அடுத்தது யார வாரிக்கிட்டுப் போகணும்னு சொன்ன? என்னையா?"

அவன் எழுந்து நின்று கும்பிட்டான். "நல்லா இருக்கேன் மதினி. வெயில்தான் தாங்கல."

"நான் கேக்கது ஒனக்குக் கேக்குதால?"

"இந்தச் சேலை ஒங்களுக்கு எடுப்பா இருக்கு மதினி."

"கண்ணு ஏன் செவந்து கெடக்கு?"

"தூசி, மதினி."

பெனினா என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், டேபிள் டென்னிஸ் பார்க்கிறவள் மாதிரி. "காத்து நல்லா வருது" என்று அலறினாள். "தலையச் சீவிக்கோ" என்று தரையில் காலை உதைத்தாள். பிறகு பேச்சை விட்டாள். கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். ஊசிக்குப் பயந்த பிள்ளையை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி என் தலையைத் தன் கக்கத்தில் இடுக்கி, ஒரே நெம்பு. ஒரு சோளம் பிறவியின் மோர் தம்ளரில் போய் விழுந்தது. இன்னொரு காதில் இன்னொரு நெம்பு.

என் காதுக்குள் மேலப்பாளையம் மாட்டுச்சந்தையே புகுந்தது. பஸ், நாய், எங்கோ கொத்தனார் சுத்தியல், மேலே பறக்கிற டிரோன். அந்தச் சந்தைக்கு நடுவே ஓர் ஆண் குரல் உடைந்து உடைந்து வந்தது. பிறவியின் குரல்தான். ஆனால் நான் கேட்டே இராத குரல்.

"...எங்கண்ணன் போனப்பெறவு நான் யார்ட்டப் போயி பேசுவேன் மதினி? ஒங்ககிட்ட அழலாம்னு வந்தா, நீங்க சிரிச்ச பேச்சாப் பேசுதிய. வெயிலு எப்படி இருக்குன்னு கேக்கிய. இங்க வெடிக்குது மதினி எனக்கு. ராத்திரி எந்திரிச்சு அண்ணன் போன் நம்பர அடிச்சு அடிச்சுப் பாக்கேன்..."

நான் பெனினாவைப் பார்த்தேன்.

"கேட்டுச்சா?" என்றாள். அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "எனக்குக் காதுல கட்டி வந்து டாக்டர் சோளத்தக் கழட்டச் சொன்னாரு. அன்னையில இருந்து இந்தக் கூத்தத்தான் பாக்கேன். நீ 'எம் புருசன் சொல்லாமச் செத்துட்டான்'னு சொல்லுத. அவுக 'ஆமா, நல்ல சாரல்'ங்காவ. அவுக ஒன்னக் கட்டிப் புடிச்சு அழுதாவ. நீ 'தூசியா'ன்னு கேக்க. ஊரே கிறுக்குப் புடிச்சுப் போச்சா, எனக்குப் புடிச்சிருக்கான்னு தெரியாம ஜெபம் பண்ணிக்கிட்டுக் கெடந்தேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானட்டி?"

"சொன்னேன். நூறு தடவ சொன்னேன்."

"காத்து நல்லா வருதுன்னுதான் கேட்டுச்சு."

"சோளத்தக் கழட்டுன்னு கத்துனேனே?"

"தலையச் சீவிக்கோன்னு கேட்டுச்சு."

பெனினா என் தலையைப் பார்த்தாள். "அதான் முடி இப்படிக் கொட்டியிருக்கு."

பிறவியின் சோளத்தையும் அவளே எடுத்தாள். அவன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். நான் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் 'வாரேன்'னு சொன்னேனா? சாவு வீட்டுலயா? எந்நாக்கு அழுகிரும் மதினி. நான் ஒண்ணுமே சொல்லல. செருப்பக்கூட கையில எடுத்துக்கிட்டுத்தான எறங்குனேன்."

எனக்கு அப்போது வந்த கோபத்தில் ஒரு துளி எடுத்துத் தாமிரபரணியில் விட்டிருந்தால் மீன் எல்லாம் வெந்து மிதந்திருக்கும்.

மறுநாள் காலை வண்ணார்பேட்டையில் இன்செவி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடியும் குளிர்ச்சியுமாக, கல்யாணப்பெண் அறை மாதிரி இருந்தது. ஸ்ரீநிதா என்று பெயர் எழுதிய பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்தாள். அவள் காதில் சோளம் பளபளத்தது.

"என்ன உதவி வேணும் மேடம்?"

"எங்காதுக்குள்ள உக்காந்துக்கிட்டு யாரு பொய் சொன்னதுன்னு கேக்க வந்தேன்."

அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்க எங்க ஆறுதல் திட்டத்துல இருக்கீங்க மேடம். குடும்பத்துல ஒருத்தர் இறந்ததா பதிவானதுமே தானா ஆரம்பிச்சிடும். கட்டணம் கிடையாது."

"அது என்ன செய்யும்?"

"துயரத்துல இருக்கறவங்க காதுல மனசைப் பாதிக்கற பேச்சு விழாது. அவங்க பேசறதால சுத்தி இருக்கறவங்களும் பாதிக்கப்பட மாட்டாங்க. ரெண்டு பக்கமும் பாதுகாப்பு."

"எம் புருசன் செத்துட்டாரும்மா" என்றேன், சோதித்துப் பார்க்க.

அவள் புன்னகைத்தாள். "ஆமா மேடம், இந்த வருஷம் வெயில் அதிகம்தான்."

"வலிக்குன்னு சொல்லாமலே செத்துட்டாரு."

"நன்றி மேடம், இந்தக் கம்மல் அம்மா வாங்கிக் குடுத்தது."

மேஜைமேல் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது. அதை எடுத்து எறியக் கூடாது என்று என் வலது கைக்கு இடது கையால் புத்தி சொன்னேன்.

"இது எத்தனை நாளைக்கு நடக்கும்?"

"நீங்க நல்லாகற வரைக்கும் மேடம்."

"நான் நல்லாயிட்டேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அதைப் பத்திப் பேசறதை நிறுத்தினதும்."

நான் எழுந்து அந்த அறையை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தேன். "எங்கொழுந்தன் ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போனான். எங்காதுல 'போயிட்டு வாரேன்'னு கேட்டுச்சு. அது ஏன்?"

"ஒண்ணும் சொல்லாம ஒருத்தர் கிளம்பிப் போனா, துயரத்துல இருக்கறவங்க தன்னை ஒதுக்கறாங்கன்னு நினைப்பாங்க. அதனால மரியாதையா ஒரு வார்த்தை நாங்களே சேர்த்துடுவோம். ஆய்வு செஞ்சுதான் மேடம்."

"எந்த ஊர்ல ஆய்வு?"

"அது... வெளியில."

"பாளையங்கோட்டையில ஒரு நாயக் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருக்கும். சரி, இத நிறுத்து."

"உங்களுக்கு நிறுத்தலாம். மத்தவங்களுக்கு அவங்கவங்க வந்து சொல்லணும். உங்க குடியிருப்புச் சங்கம் மொத்தமா ஒப்புதல் குடுத்திருக்கு. 'மகிழ்ச்சி வளாகம்'னு கேடயம்கூட வாங்கியிருக்கீங்க."

"எல்லாரும் வந்து சொல்லணும்னா, நான் அவுகளுக்கு எடுத்துச் சொல்லணும். நான் எடுத்துச் சொன்னா அவுகளுக்கு வெயிலு அதிகம்னுல்லா கேக்கும்?"

ஸ்ரீநிதா திரையைத் தட்டப் போன விரலை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் முட்டாள் இல்லை. "இதை யாரும் இதுவரை கேட்டதில்ல மேடம்" என்றாள்.

"கேட்டிருப்பாங்கம்மா. ஒனக்குக் கேட்டிருக்காது." எழுந்தேன். வாசல்வரை போய்த் திரும்பினேன். "ஒங்க சோளம் வடிகட்டாம விடுத சத்தம்னு ஏதாவது இருக்கா?"

"ஆபத்துச் சத்தம் மட்டும் மேடம். சைரன், தீ மணி, விசில். அது சட்டம்."

பல வாரத்துக்குப் பிறகு நான் சிரித்தேன். அவளுக்கு அது என்னவாகக் கேட்டதோ.

அங்கிருந்து நேராக மித்ரன் வீடு. கதவைத் திறந்தவனை அடையாளமே தெரியவில்லை. தாடி காடாகக் கிடந்தது. ஆள் பாதியாகியிருந்தான். என்னைப் பார்த்ததும், தினமும் சொல்கிற பாடம் மாதிரி, அவன் ஆரம்பித்தான். இந்தத் தடவை என் காதில் சோளம் இல்லை.

"அம்மா, இன்னைக்காவது ஏதாவது சொல்லும்மா. நெஞ்சு அடைக்குன்னு அப்பா எங்கிட்டத்தான் சொன்னாங்க. ஒரு வாரம் முன்னாடி. அம்மாட்ட சொல்லாதல, பயந்துருவான்னாங்க. டெப்போ வேல முடியட்டும், போயி காட்டிருவோம்னாங்க. நான் சொல்லல. சொல்லியிருந்தா நீ இழுத்துட்டுப் போயிருப்ப. நாந்தாம்மா அவங்களக் கொன்னது."

அவன் நிறுத்தவில்லை.

"தெனமும் சொல்லுதேன். நீ 'சரிப்பா, நல்லாத் தூங்கு'ன்னு சொல்லுத. மறுநாளு இட்லி அனுப்புத. என்னம்மா அர்த்தம் அதுக்கு? மன்னிச்சிட்டியா, இல்ல வெறுத்துட்டியா? ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் நான் வீட்டுக்கு வரல."

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் பிரிட்ஜைத் திறந்தேன். நான் அனுப்பிய இட்லி டப்பாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மேல்தட்டுவரை நின்றன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒரு மூலையில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். என் பிள்ளை என்ன தின்று உயிரோடு இருந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெனினாவின் ஹேர்பின் என் இடுப்பில் இருந்தது. அவன் காதைப் பிடித்துத் திருகி இரண்டு சோளத்தையும் நெம்பி எடுத்தேன். அவன் "ஆ" என்றான்.

பிறகு திட்டினேன்.

அந்தத் திட்டை நான் முழுவதும் எழுதினால் அச்சகத்து மிஷின் உருகிவிடும். ஏ சவத்து மூதி என்று ஆரம்பித்து, அவன் பிறந்த நேரம், அவன் அப்பா பிறந்த நேரம், டெப்போ, அங்கே நிற்கிற ஒவ்வொரு பஸ், ஒன்றையும் விடவில்லை. "ஒரு வாரம் ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட மறைச்சிருக்கிய. அந்த மனுசன் எம்முன்னால சிரிச்சிக்கிட்டே மூணு வேளையும் தின்னாரு. நான் பயந்துருவேனாம். நான் பயப்படுதவளால? நானூறு பிள்ளைய வெயில்ல நிப்பாட்டி மேய்ச்சவ. எனக்கு வர வேண்டிய பயத்த எடுத்து ஒளிச்சு வைக்க நீங்க யாருல? அது எம் புருசன். அது என் பயம்."

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதான். "இன்னும் திட்டும்மா" என்றான்.

திட்டினேன். தொண்டை வறண்டபோது அவன் எழுந்துபோய் அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு மறுபடி திட்டினேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் நின்று, நாங்கள் ஏதோ பாட்டுப் பயிற்சி செய்கிறோம் என்று நினைத்துக் கை தட்டினார். அவருக்கு என்ன கேட்டதோ, பாவம்.

"ஒங்கப்பா இருக்காரே," என்றேன் கடைசியில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு காதுல சோளம் வச்சுக்கவே இல்ல, பஸ் சத்தம் கேக்கணும்னு. வேண்டியதும் இல்ல. அவரே எனக்கு ஒரு சோளமா இருந்திருக்காரு."

மித்ரன் என் தோளில் தலையைச் சாய்த்தான். கனம் தாங்கவில்லை; எழுந்திருக்கச் சொல்ல மனமும் வரவில்லை. அவனை நான் மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். அவன் சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். பழைய இட்லியை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாக உப்புமா கிளறினேன். அவசரத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. "உப்பு கரிக்கும்மா" என்றான். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா அது?

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வளாகத்து நடுமுற்றத்துக்குப் போனேன். மகிழ்ச்சி வளாகக் கேடயம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முன்னால் நின்று, கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன்.

சோளம் அதை வடிகட்டவில்லை. நேராக மூளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் ஊதலில் மாடிக்கு மாடி ஜன்னல் திறந்தது. இரண்டாவதில் ஆள்கள் பனியனோடு படியிறங்கினார்கள். சங்கத் தலைவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து ஏதோ சொன்னார். நான் அவர் மூக்குக்கு நேராக ஊதினேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு ஆனந்தமாக நான் எதையும் செய்ததில்லை. மூச்சு முட்டியபோது மித்ரன் வாங்கி ஊதினான். அவனுக்கு ஊதத் தெரியவில்லை, எச்சில்தான் வந்தது. மறுபடி நான் வாங்கினேன். கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஒருத்தர் தன் சோளத்தைப் பிடுங்கினார். அடுத்தவர் பிடுங்கினார். பெனினா ஒரு சொம்பை நீட்டியபடி, கோயிலில் உண்டியல் எடுக்கிறவள் மாதிரி, ஒவ்வொருவராகப் போனாள். பிறவி ஒரு மூலையில் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிந்தது.

சொம்பு நிறைந்ததும் விசிலைக் கீழே போட்டேன்.

"எம் புருசன் ஆவுடையப்பன் செத்துட்டாரு" என்றேன். "எனக்கு அவரு மேல கோவம். வலிக்குன்னு எங்கிட்டச் சொல்லல. அவரு இல்லாம வீட்டுல தண்ணி குழாயத் தொறக்கக்கூட பயமா இருக்கு, அவரு பல்லு தேச்ச சத்தம் கேக்கு. இத நான் ஒங்க எல்லார்ட்டயும் முன்னமே சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல. இப்பக் கேக்கா?"

பிறகு மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள். என்னைப் பார்த்துப் பேச வந்தவள், பாதியில் தன் தங்கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தத் தங்கை செத்து ஆறு வருஷமாயிற்று. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. சங்கத் தலைவர் கேடயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறக்காமலே போன தன் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தாராம். ஒருத்தன் அவரைப் பேச விடாமல் ஆறுதல் சொல்லப் போனான். பெனினா அவன் காதுக்கு நேரே ஹேர்பின்னைக் காட்டி மிரட்டினாள்.

ஆறு வருஷமாக இவர்கள் என்னிடம் சொன்ன துக்கமெல்லாம் என் காதில் சாரலாகத்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டியதும் இல்லை. அலுவலகத்தில் அந்தப் பெண்ணிடம் எல்லோரையும் வரிசையில் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன், லெஃப்ட் ரைட் போட்டு.

வெயில் ஏறியதும் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஊரார் ஒரு வழியாக என்னிடம் துக்கம் கேட்டார்கள். மித்ரன் உள்ளே வந்து, குளியலறை வாசலில் நின்று, அங்கேயே நெடுநேரம் நின்று, பிறகு அவன் அப்பாவின் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுதவர்கள் அழுதார்கள், காபி கேட்டவர்கள் காபி குடித்தார்கள். கிளம்பும்போது ஒருத்தரும் 'வாரேன்' என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். இத்தனை நாளும் என் வீட்டுக்கு வராமலிருந்த மரியாதை அப்படி வந்து சேர்ந்தது.

கடைசியாக எழுந்தவன் பிறவி. கண் கோவைப்பழமாக இருந்தது.

"கண்ணுல என்னல, தூசியா?"

"இல்ல மதினி. அண்ணன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கடைசிப் படியில் நின்றான். வானத்தைப் பார்த்தான், ராகுகாலம் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு முழுசாக என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு வாரேன், மதினி."

நான் இரண்டு காதிலும் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காதுதான்.

"ஏல, அப்படிச் சொல்லக் கூடாதுல்லா."

"தெரியும் மதினி" என்றான்.